மூன்று வெள்ளம், மூன்று போன்

சென்னைக்காரர்கள் பெருமழையை வருஷத்தை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள். 2005, 2015, 2023. எங்கே எத்தனை அடி தண்ணி நின்றது, எத்தனை நாள் கரண்ட் இல்லை, பால் பாக்கெட் எவ்வளவுக்கு விற்றது என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு இருக்கும். அந்த வருஷங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அப்போது கையில் இருந்த போன் என்ன? அது தண்ணியில் விழுந்தபோது பிழைத்ததா, இல்லையா? கேட்க அற்பமான கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் பத்து பத்து வருஷத்தில் ஒரு ஊர் எதை நம்பி வாழத் தொடங்கியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கஷ்டம்.

சரி, முதலில் இருந்து வருவோம்.

2005: மூடியைக் கழற்று, வெயிலில் வை

2005 அக்டோபர் 27-ம் தேதி சென்னையில் ஒரே நாளில் சுமார் 27 செ.மீ. மழை கொட்டியது. அந்த வருஷம் டிசம்பர் வரைக்கும் விட்டு விட்டுப் பெய்து ஊரைப் படுத்தி எடுத்தது. தி.நகரையும் மேற்கு மாம்பலத்தையும் இணைக்கும் துரைசாமி சப்வே வழக்கம்போல குளமானது.

செல்போன் இந்தியாவுக்கு வந்து அப்போது பத்து வருஷம்தான் ஆகியிருந்தது (முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31-ல், கொல்கத்தாவில் இருந்து டெல்லிக்கு). ஆரம்பத்தில் பேசினாலும் காசு, கேட்டாலும் காசு. 2003-ல் இன்கமிங் இலவசம் ஆன பிறகுதான் போன் சாமானியர் சட்டைப்பைக்கு வந்தது. அந்தச் சட்டைப்பையில் பெரும்பாலும் இருந்தது நோக்கியா. 1100 மாடலை நினைத்துப் பாருங்கள். தலையில் ஒரு டார்ச், தூசி புகாத ரப்பர் கீபேட், 850 மில்லி ஆம்பியர் பேட்டரி, சார்ஜுக்கு ஒரு உருண்டைப் பின். அவ்வளவுதான்.

அந்த போன் நனைந்தால் என்ன செய்வது என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. பின்மூடியைக் கழற்று, பேட்டரியை எடு, சிம்மை எடு, துணியால் துடை, வெயிலில் வை. இரண்டு நாள் கழித்து மாட்டினால் பெரும்பாலும் எழுந்து உட்கார்ந்துவிடும். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. பேட்டரியை எடுத்த அந்த நிமிஷமே போனுக்குள் மின்சாரம் நின்றுவிடுகிறது. மின்சாரம் இல்லாத இடத்தில் தண்ணீரால் செய்யக்கூடிய கெடுதல் மெதுவானது. அதற்குள் காய்ந்துவிட்டால் தப்பித்தோம்.

2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. இந்தப் பக்கத்து ஆட்கள் ஆயிரக்கணக்கில் அங்கே வேலை பார்த்தார்கள். வரிப் பிரச்சனை, மைக்ரோசாஃப்ட்டுக்குக் கைமாறிய கதை எல்லாம் சேர்ந்து 2014 நவம்பர் 1-ல் அங்கே உற்பத்தி நின்றது. ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, அதே வட்டாரத்து ஏரித் தண்ணீர் சென்னைக்குள் வந்தது.

2015: கரண்ட் வந்த நாள்தான் ஆபத்தான நாள்

2015 நவம்பரில் மட்டும் சென்னையில் 1,049 மி.மீ. மழை. 1918 நவம்பருக்குப் பிறகு (அப்போது 1,088 மி.மீ.) அந்த மாதத்தில் அவ்வளவு மழை பெய்ததே இல்லை. ஏரிகள் எல்லாம் தளும்பிக்கொண்டிருந்தபோது டிசம்பர் 1-ம் தேதி மறுபடி பிடித்துக்கொண்டது. அன்றைய ஒரு நாள் கணக்கு மீனம்பாக்கத்தில் சுமார் 34 செ.மீ., தாம்பரத்தில் சுமார் 49 செ.மீ. செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாறு கரையை மறந்தது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், அடையாறு காந்தி நகர் என்று வரிசையாக வீட்டுக்குள் ஆறு வந்தது. ஆற்றில் கலக்க வேண்டிய மாம்பலம் கால்வாய்க்குப் போக வழியில்லாமல், தி.நகர், சி.ஐ.டி. நகர் பக்கமும் தண்ணி ஏறியது. சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தைத் தொட்டுக்கொண்டு ஆறு ஓடியது. ஊழியர்கள் அச்சகத்துக்குப் போக முடியாததால் தி இந்து நாளிதழின் சென்னைப் பதிப்பு மறுநாள் வரவில்லை. 1878-ல் ஆரம்பித்த பத்திரிகைக்கு அது முதல் அனுபவம் என்று அப்போது சொன்னார்கள். அந்தப் பருவமழையில் தமிழ்நாடு முழுக்க 400-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட மத்திய தணிக்கைத் துறை அறிக்கை, அது மனிதர்களால் வந்த பேரிடர் என்றே சொன்னது.

அந்த சில நாட்களில் போன் என்பது வெறும் போன் இல்லை. "மொட்டை மாடியில் இருக்கிறோம், படகு அனுப்புங்கள்" என்று சொல்ல இருந்த ஒரே வழி அது. ட்விட்டரில் முகவரி போட்டு உதவி கேட்டார்கள். ஃபேஸ்புக் 'பாதுகாப்பாக இருக்கிறேன்' என்று குறிக்கும் வசதியைத் திறந்துவிட்டது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து எந்தெந்தத் தெருவில் தண்ணி நிற்கிறது என்று தன்னார்வலர்கள் வரைபடமே போட்டார்கள். பி.எஸ்.என்.எல். ஒரு வாரத்துக்கு இலவசமாகப் பேசலாம் என்று அறிவித்தது. எல்லாம் சரி... போனில் சார்ஜ் வேண்டுமே! கரண்ட் இல்லை. டீசல் தீர்ந்த டவர்களும் ஒவ்வொன்றாகப் படுத்தன. சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரி கரைந்தது. 40 சதவீதம், 22 சதவீதம், 9 சதவீதம் என்று வீட்டுக்கு வீடு எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

கரண்ட் திரும்பியபோது எல்லோரும் முதலில் செய்தது என்னவாக இருக்கும்? சார்ஜரில் போட்டதுதான். ஈரம் காயாத போனையும் சேர்த்து.

நனைந்த போனுக்கு அதைவிடக் கெடுதல் செய்ய முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. ஆனால் வெள்ளத் தண்ணீர் சுத்தமான தண்ணீரா என்ன? சாக்கடை, மண், உப்பு, சோப்பு எல்லாம் கலந்தது. பிளஸ் டூ வேதியியலில் மின்னாற்பகுப்பு படித்தது ஞாபகம் இருக்கிறதா? ஒரு உப்புக் கரைசலில் இரண்டு உலோகத் துண்டுகளை வைத்து நேர்மின்சாரம் கொடுத்தால், நேர்மின்முனையில் இருக்கும் உலோகம் கரைந்து எதிர்முனையை நோக்கிப் போகும். நனைந்த சார்ஜிங் போர்ட் அச்சு அசல் அந்தப் பரிசோதனைதான். 2015-ல் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் இருந்த மைக்ரோ யூஎஸ்பியில் ஐந்து பின். அதில் ஒன்றில் 5 வோல்ட் வருகிறது, இன்னொன்று எர்த். நடுவில் சாக்கடைத் தண்ணி. சார்ஜரைச் செருகியதும் பின்னின் மேலுள்ள மெல்லிய தங்கப் பூச்சு கைவிட்டு, அடியில் இருக்கும் செம்பு அரிக்கத் தொடங்கும். பச்சையாகப் பூசணம் மாதிரி படிவது அதுதான்.

இதே வேலை உள்ளே போர்டிலும் நடக்கும். இரண்டு பாகங்களுக்கு நடுவே உலோகம் மெல்லிய நூல் மாதிரி வளர்ந்து ஷார்ட் ஆக்கிவிடும். பேட்டரி உள்ளேயே இருந்தால், போனை ஆஃப் செய்தாலும் சில சுற்றுகளில் மின்சாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். 'ஆஃப் பண்ணிட்டேன், ஆனாலும் போயிடுச்சு' என்பதன் ரகசியம் இதுதான்.

பிறகு வரும் கோளாறுகளை ரிப்பேர் கடைக்காரர்கள் நன்றாக அறிவார்கள். சார்ஜ் ஏறுகிற மாதிரி படம் காட்டும், சதவீதம் அசையாது. அல்லது, நல்லா இருக்கிற பேட்டரியைப் பார்த்து 'வெப்பநிலை சரியில்லை' என்று சொல்லி சார்ஜ் ஏற்ற மறுக்கும். பேட்டரியின் சூட்டை அளக்க ஒரு சின்ன உணரி உண்டு. அதன் இணைப்பில் ஈரமோ அரிப்போ பட்டால் தப்பான அளவு போய்ச் சேரும். அதை நம்பி சார்ஜிங் ஐசி கதவை மூடிவிடும். பேட்டரி தப்பு செய்யாமலே தண்டனை வாங்குகிறது.

ரிச்சி தெருவின் வைத்தியம்

அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டை பக்கம் இருக்கும் ரிச்சி தெருவைத் தெரியாத எலெக்ட்ரானிக்ஸ் மாணவன் சென்னையில் இருக்க முடியாது. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று அக்கம்பக்கத்துச் சந்துகளையும் சேர்த்துத்தான் 'ரிச்சி ஸ்ட்ரீட்' என்பார்கள். ரேடியோ உதிரிபாகம், டிவி, கம்ப்யூட்டர், செல்போன் என்று ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு சரக்கு. டெல்லி நேரு பிளேஸுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் சந்தை என்று இதைச் சொல்வார்கள். தி.நகரிலோ லஸ் முனையிலோ அடையாறிலோ உள்ள சின்னக் கடையில் போனைக் கொடுத்தாலும், அதற்கான பின்னும் ஃபிளெக்ஸும் பெரும்பாலும் இங்கிருந்துதான் போகும்.

'வாட்டர் லாக்' ஆன போனுக்கு அங்கே நடக்கும் வைத்தியம் ஏறக்குறைய ஒன்றுதான். பேட்டரி இணைப்பைத் துண்டிப்பார்கள். போர்டை வெளியே எடுத்து, மேலிருக்கும் தகர மூடிகளைக் கழற்றுவார்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஊற்றி மெல்லிய பிரஷ்ஷால் தேய்ப்பார்கள், அல்லது மீயொலியில் அதிரும் சின்னத் தொட்டியில் போட்டு எடுப்பார்கள். புளோயரில் காய வைத்து, மல்டிமீட்டரால் எங்கே ஷார்ட் என்று தேடுவார்கள். சார்ஜிங் பின் மட்டும் போயிருந்தால் அதை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. ஐசி போயிருந்தால் செலவு. போர்டே அரித்திருந்தால், "சார், புதுசு வாங்கிக்கங்க."

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அவர்கள் தண்ணீரை வெறுமனே காய வைப்பதில்லை, கழுவுகிறார்கள். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பும் அழுக்கும் உள்ளேயே தங்கும். அடுத்த முறை சென்னைக் காற்றின் ஈரப்பதம் பட்டாலே அந்த உப்பு மறுபடி வேலையைக் காட்டும். 'காஞ்சதும் நல்லாத்தான் இருந்துச்சு, ஒரு மாசம் கழிச்சு செத்துப்போச்சு' என்பார்களே, அது இந்தக் கேஸ்தான்.

அரிசிப் பானைக் கதை

நனைந்த போனை அரிசிக்குள் புதைக்கும் பழக்கம் எப்படியோ உலகம் முழுக்கப் பரவிவிட்டது. நம்ம வீடுகளில் அரிசிக்கா பஞ்சம்? ஆனால் அரிசி, மூடிய போனுக்குள் இருக்கும் தண்ணீரைப் பெரிதாக இழுப்பதில்லை. போர்ட்டுக்குள் மாவுத்தூளையும் நொய்யையும் சேர்ப்பதுதான் மிச்சம். 2024 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனமே தன் உதவிக் குறிப்பில் போனை அரிசிப் பையில் போடாதீர்கள் என்று எழுதிவிட்டது. ஹேர் டிரையர் சூடும் வேண்டாம், பஞ்சுக் குச்சியை உள்ளே விடவும் வேண்டாம், போர்ட்டைக் கீழ்நோக்கிப் பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டிவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள் என்பது அதன் யோசனை. அதாவது மொட்டை மாடி நிழலும் ஒரு மேசை விசிறியும். பாட்டி வைத்தியத்தைவிட எளிய வைத்தியம் :)

பில் யாருக்கு?

இனி காமர்ஸ் பக்கம் வருவோம். 2015 வெள்ளத்தின் மொத்தப் பொருளாதார இழப்பு 200 கோடி டாலருக்கு மேல் என்று சுவிஸ் ரீ நிறுவனம் மதிப்பிட்டது. அதில் காப்பீடு இருந்தது சுமார் 75 கோடி டாலர் அளவுக்குத்தான். மீதி எல்லாம் அவரவர் தலையில். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த குடும்பத்துக்கு அரசு அறிவித்த நிவாரணம் 5,000 ரூபாய், குடிசையை இழந்தவர்களுக்கு 10,000. அன்றைக்கு ஒரு சாதாரண ஸ்மார்ட்போன் விலையும் கிட்டத்தட்ட அந்த ஐயாயிரம்தான். பாய், பாத்திரம், மெத்தை, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் போன வீட்டில் போனுக்கு எங்கே ஒதுக்குவது?

வாரண்டி? அது தண்ணீருக்குக் கிடையாது. போனுக்குள் ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். ஈரம் பட்டால் சிவப்பாகிவிடும். சர்வீஸ் சென்டரில் முதலில் பார்ப்பது அதைத்தான். சிவப்பா? இலவசம் இல்லை.

இதற்குள் கம்பெனிகள் 'தண்ணீர் புகாத' போன்களை விற்க ஆரம்பித்திருந்தன. 2013-ல் சோனி எக்ஸ்பீரியா இசட், 2014-ல் சாம்சங் கேலக்ஸி எஸ்5, 2016-ல் ஐபோன் 7. பெட்டியில் ஐபி67 என்று போட்டிருக்கும். கடைசி எண் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிஷம் தாங்கும் என்று பொருள். சோதனை நடப்பது நல்ல தண்ணீரில், புதுப் போனில். சாக்கடைக்கும் மெரினா உப்புத் தண்ணிக்கும் அந்த எண் உத்தரவாதம் தராது. ரப்பர் வளையமும் பசையும் வருஷம் போகப் போகத் தளரும்.

இந்த விஷயம் நீதிமன்றம் வரைக்கும் போனது. நீச்சல் குளத்திலும் கடலிலும் போனைப் பயன்படுத்துவது போல விளம்பரம் செய்ததற்காக ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் 2019-ல் சாம்சங் மேல் வழக்குப் போட்டது. 2022 ஜூனில் அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் 1 கோடியே 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அன்றைய மதிப்பில் 75 கோடி ரூபாய்க்கு மேல். வழக்கின் மையம் என்ன தெரியுமா? போர்ட் ஈரமாக இருக்கும்போது சார்ஜ் போட்டால் அது அரித்து வேலை செய்யாமல் போகக்கூடும் என்பதுதான். கோட்டூர்புரத்து ஈரப் போனும் சிட்னி நீச்சல் குளத்துப் போனும் ஒரே நோயில் படுத்திருக்கின்றன! இத்தாலியிலும் 2020 நவம்பரில், தண்ணீர் புகாது என்று விளம்பரம் செய்துவிட்டு வாரண்டியில் கையை விரிப்பதாக ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் விழுந்தது.

இந்தியாவிலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்தைக் குற்றமாகப் பார்க்கிறது. ரிப்பேர் உரிமைக்காக 2022 டிசம்பரில் மத்திய அரசு ஒரு இணையதளமும் திறந்தது. ஆனால் பெட்டியில் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்கும் வேலை இன்னும் வாங்குகிறவருக்குத்தான்.

2023: பர்ஸும் சேர்ந்து நனைந்தது

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல். இரண்டு நாளில் பல இடங்களில் 40 செ.மீ.க்கும் மேல். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. 2015-ஐ விட போன்கள் தண்ணீருக்குக் கொஞ்சம் தேறியிருந்தன. பல போன்கள் போர்ட்டில் ஈரம் இருந்தால் தாமே எச்சரித்து சார்ஜை நிறுத்தும். ஆனால் பேட்டரி உள்ளே ஒட்டப்பட்டுவிட்டது. மூடியைக் கழற்றும் வைத்தியம் போயே போச்சு. ஐந்து பின் இருந்த இடத்தில் டைப்-சி வந்து 24 பின் ஆகிவிட்டது. இடைவெளி அரை மில்லிமீட்டர். வேகமாக சார்ஜ் ஏற வோல்டேஜும் கூடியது.

அதைவிடப் பெரிய மாற்றம் இன்னொன்று. 2016-ல் யுபிஐ வந்தது. அதே வருஷம் நவம்பரில் பணமதிப்பிழப்பு. ஏழு வருஷத்தில் தேங்காய்க் கடை வரைக்கும் ஸ்கேன் பண்ணும் அட்டை. 2005-ல் போன் செத்தால் பேச்சு நின்றது. 2015-ல் செத்தால் உதவி நின்றது. 2023-ல் செத்தால் பால் வாங்கக் காசும் இல்லை. ஓடிபி வராமல் வங்கிக் கணக்கும் பூட்டிக்கொண்டது. ரேஷன் கடையில் அரசு கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணம் கையில் ரொக்கமாக வந்ததன் அருமை அப்போது புரிந்திருக்கும்.

அடுத்த மழைக்கு முன்

மூன்று வெள்ளமும் சொல்லிக் கொடுத்ததைச் சுருக்கினால் இவ்வளவுதான்:

1. போன் நனைந்தால் உடனே ஆஃப். சார்ஜர் பக்கமே போகக்கூடாது. 'ஆன் ஆகுதா பார்ப்போம்' என்ற ஆசையும் வேண்டாம்.
2. கவர், சிம் டிரேயைக் கழற்றி, துடைத்து, போர்ட்டைக் கீழே பார்க்கத் தட்டி, விசிறிக் காற்றில் குறைந்தது ஒரு நாள்.
3. குடிநீர், மழைத்தூறல் என்றால் காய்ந்தால் போதும். சாக்கடை, வெள்ளம், கடல் தண்ணி என்றால் காத்திருக்காமல் கடைக்குக் கொண்டுபோய் உள்ளே கழுவச் சொல்லுங்கள். நாள் போகப் போக அரிப்பு கூடும்.
4. காய்ந்த பிறகும் ஏறவில்லையா? முதலில் வேறு கேபிள், வேறு சார்ஜர். பிறகு டார்ச் அடித்துப் போர்ட்டில் பச்சை படிந்திருக்கிறதா பாருங்கள். வயர்லெஸ் சார்ஜிங் உள்ள போன் என்றால் நன்றாகக் காய்ந்தபின் அதில் வைத்துப் பார்க்கலாம்.
5. பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். அது தீப்பிடிக்கும் சாமான்.
6. போன் மறுபடி உயிர் பெற்றால் முதல் வேலை படங்களையும் நம்பர்களையும் வேறு இடத்தில் சேமிப்பது. அது எத்தனை நாள் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது.
7. ஐப்பசி பிறக்கும்போதே ஒரு பவர் பேங்க், நாலு முக்கியமான நம்பர் எழுதிய காகிதம், கொஞ்சம் சில்லறை நோட்டு. மூன்றையும் ஒரு ஜிப் கவரில் போட்டு அலமாரியின் மேல் தட்டில் வையுங்கள்.

ஐரோப்பிய யூனியன் 2023-ல் கொண்டுவந்த பேட்டரி விதிகளின்படி, 2027 பிப்ரவரியில் இருந்து அங்கே விற்கும் சாதனங்களில் பயனரே பேட்டரியைக் கழற்றி மாற்றும் வசதி வேண்டும், சில விலக்குகள் தவிர. இருபது வருஷம் சுற்றி, உலகம் மறுபடி நோக்கியா 1100-ன் பின்மூடிப் பக்கமே வந்து நிற்கிறது. அந்த மூடி சென்னைக்கு வந்து சேரும் வரைக்கும், சார்ஜரைச் செருகும் முன் ஒரு நாள் பொறுப்பதுதான் கையில் இருக்கும் ஒரே பாதுகாப்பு.